பொயின்ற்றும் திரான்சிற்றரும்
காற்றாற் குளிரும் பழைய மோட்டார் வண்டிகளின் எரிபற்றல் பற்றிய ஓர் ஆய்வு

மோட்டார் இயந்திரமொன்று ஓடுவதற்கு வேண்டுவன மூன்று. அவை எரிபொருள், காற்று, தீப்பொறி என்பன. முதலிரண்டைப் பற்றியும் எவரும் எப்போதும் பேசுவர். தீப்பொறியைப் பற்றியோ, வண்டி நடுவழியில் நின்றவிடத்து மாத்திரமே பேசுவர். அப்பொறி எவ்வாறு பிறக்கின்றது, அதனைப் பிறப்பிக்கும் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வேறுபாடு யாது, பழைய வண்டியொன்றைப் பேணுவோர் இவற்றுள் எதனைக் கைக்கொள்ளத் தக்கது என்பனவே ஈண்டு ஆராயப்படும். இக்கட்டுரையாளன் விஞ்ஞானப் பட்டதாரி அல்லன். வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்றவன். ஆயினும் தந்தையார் விட்டுச்சென்ற 1964ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் வண்டியொன்றுடன் பல்லாண்டுகள் பழகியமையால் எழுதத் துணிந்தான். பௌதிகம் கற்பிக்கும் நண்பர்கள் பிழை கண்டவிடத்துப் பொறுத்தருள்வாராக.

பொறி பிறக்கும் வகையை முதற்கண் நோக்குவாம். காந்தப்புலம் மாறுமிடத்துக் கம்பிச்சுருளில் மின் தோன்றும் என்பதை மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டிற் கண்டறிந்தார் என்பது மாணவர் அறிந்ததே. அவ்வுண்மையை மோட்டார் வண்டிக்குப் பயன்படுத்தியோருள் இருவரைக் குறிப்பிடல் வேண்டும். ஜேர்மனியில் றொபேட் பொஷ் என்பாரின் தொழிலகத்திற் கொற்லொப் ஹொனோல்ட் என்பவர் 1902இல் உயரழுத்த மக்னீற்றோவையும் அதற்கேற்ற பொறிச்செருகியையும் ஆக்கினார். அமெரிக்காவிற் சாள்ஸ் கெற்றறிங் என்பவர், மின்கலவடுக்கிலிருந்து மின்பெறும் எரிபற்றல் முறையை ஆக்கினார். அது 1910ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உலகின் பெரும்பாலான வண்டிகள் கெற்றறிங்கின் முறையையே பின்பற்றின. நாம் பொயின்ற் என்று வழங்குவது அம்முறையின் இதயம் போன்றது.

அதன் அமைப்பு எளிதாயினும் நுண்ணியது. கொயில் எனப்படும் தூண்டற்சுருளில் இரு சுற்றுக்கள் உண்டு. முதற்சுற்றுத் தடித்த கம்பியால் ஆனது. துணைச்சுற்று மயிரனைய மெல்லிய கம்பியால் ஆனது. முதற்சுற்றைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு முறை சுற்றப்பட்டது. பொயின்ற் மூடியிருக்கும்போது முதற்சுற்றில் மின்னோட்டம் பாய்ந்து இரும்பு அகணியிற் காந்தப்புலம் வளர்கின்றது. இயந்திரத்தோடு சுழலும் நான்முகப் புடைப்பு, பொயின்ற்றின் அசையும் கையை உதைத்துத் திறக்கின்றது. மின்னோட்டம் அறுகின்றது, காந்தப்புலம் சரிகின்றது, அச்சரிவினாலே துணைச்சுற்றிற் பதினாயிரக்கணக்கான உவோற்று அழுத்தம் எழுந்து, பரப்பியின் வழியாக உரிய பொறிச்செருகியை அடைந்து பொறியாகப் பாய்கின்றது. பொறி தோன்றுவது பொயின்ற் மூடும்போதன்று, திறக்கும்போதே என்பதை மாணவர் நன்கு மனங்கொள்க. பின்னர்க் கூறப்படுவன யாவும் இதனைப் பற்றியே நிற்பன.

திறக்கும் கணத்தில் முதற்சுற்றிலும் இருநூறு முந்நூறு உவோற்று அழுத்தம் எழும். தடுப்பாரின்றேல் அது பொயின்ற்றின் இடைவெளியையே பாய்ந்து கடந்து முனைகளைச் சுட்டுவிடும். அதனைத் தடுப்பது, பாடநூல் ஒடுக்கி என்றும் கராச்சுக்காரர் கொண்டென்சர் என்றும் கூறும் சிறு தகரக் குப்பி. அதன் கொள்ளளவு ஒரு மைக்குரோபரட்டில் நான்கிலொரு பங்கு அளவினதே. ஆயினும் அஃது இல்லையேல் நல்ல பொறியும் இல்லை, நெடுநாட் பொயின்ற்றும் இல்லை.

இனிப் பொயின்ற் படும் பாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்பாம். நாற்சிலிண்டர் இயந்திரத்தில் இயந்திர அச்சின் ஒரு சுழற்சிக்கு இருமுறை பொறி வேண்டும். நிமிடத்துக்கு 2500 சுழற்சி எனக்கொண்டால் பொயின்ற் நிமிடத்துக்கு 5000 தரம் திறந்து மூடும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி 10,000 கிலோமீற்றரைக் கடக்க 10,000 நிமிடம் ஆகும். எனவே அத்தூரத்துக்குள் அச்சிறு கை ஐந்து கோடி தரம் உதைபடுகின்றது. தேயாதிருத்தல் எங்ஙனம்?

தேய்வு இருவகைப்படும். ஒன்று முனைகளிலே நிகழ்வது. தங்குதன் எனும் வன்மையான உலோகத்தால் முனைகள் ஆக்கப்பட்டிருப்பினும், நாளடைவில் ஒரு முனையிலிருந்து உலோகம் பெயர்ந்து மற்றதிற் படிகின்றது. ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமும் உண்டாகும. இரண்டாவது, புடைப்பைத் தொட்டு உராயும் நார்க்கட்டை தேய்தல். கட்டை தேயுந்தோறும் முனைகளின் இடைவெளி ஒடுங்கும். ஒடுங்கவே பொயின்ற் பிந்தித் திறக்கும். பிந்தித் திறக்கவே பொறியும் பிந்தும். முனை சுடுதலைக் கண்ணாற் கண்டு எல்லோரும் அஞ்சுவர். கட்டைத் தேய்வோ கண்ணுக்குத் தெரிவதன்று. கேடு விளைப்பது அதுவே.

இங்கேதான் காற்றாற் குளிரும் இயந்திரத்தின் தனிநிலை வெளிப்படுகின்றது. நீராற் குளிரும் வண்டியில் நீர் கொதித்தால் ஆவி எழும், வெப்பமானியின் முள் ஏறும், சாரதி நிறுத்துவான். வொக்ஸ்வாகனில் நீருமில்லை, வெப்பமானியுமில்லை. விசிறி ஊதும் காற்றும் எஞ்சின் எண்ணெயுமே வெப்பத்தைக் கொண்டுசெல்வன. பொறி பிந்தினால் எரிதல் முடியுமுன் வெளியேற்று வால்வு திறக்க, தீச்சுவாலை வால்வையும் தலைப்பகுதியையும் சுடும். பொறி அளவுக்கு மிஞ்சி முந்தினால் வெடிப்பதிர்ச்சி உண்டாகி ஆடுதண்டைத் துளைத்தலும் கூடும். இவ்விரண்டுக்கும் முன்னறிவிப்பு மிகக் குறைவு. ஆதலின் எரிபற்றும் நேரத்தைப் பேணுதல் ஏனைய வண்டிகளிற் சிக்கனத்துக்காகச் செய்யப்படுவது. இவ்வண்டிகளில் இயந்திரத்தின் ஆயுளுக்காகவே செய்யப்படுவது.

1200 கனசதமமீற்றர் வகையெனப்படும் என் வண்டிக்குரிய அளவுகள் இவை: பொயின்ற் இடைவெளி 0.4 மில்லிமீற்றர், பொறி பிறக்க வேண்டிய நிலை மேலுச்சிக்கு 10 பாகை முன், சிலிண்டர்கள் எரியும் ஒழுங்கு 1, 4, 3, 2. பரப்பியின் ஒரு சுழற்சியாகிய 360 பாகையை நான்காற் பங்கிட ஒவ்வொரு சிலிண்டருக்கும் 90 பாகை கிடைக்கும். அதில் ஏறத்தாழ 50 பாகை பொயின்ற் மூடியிருத்தல் வேண்டும். இதனை மூடுகோணம் எனலாம். அளவுத்தகட்டை நுழைத்து இடைவெளி பார்ப்பதிலும் மானிகொண்டு மூடுகோணம் பார்ப்பதே திறம். ஏனெனின், மேடு பள்ளம் விழுந்த முனைகளுக்கிடையே தகடு மேட்டில் முட்டி நிற்கும். பள்ளத்தின் ஆழத்தை அது அறியாது. மூடுகோணம் ஒரு பாகை மிகுந்தால், பொறி இயந்திர அச்சின் கணக்கில் ஏறத்தாழ ஒரு பாகை பிந்தும். பரப்பி இயந்திரத்தின் அரைவேகத்திற் சுழல்வதாலும், மிகுந்த கோணத்திற் பாதியே திறத்தலின் பக்கம் சேர்வதாலும் இக்கணக்கு வருகின்றது. ஆகவே முதலிற் பொயின்ற்றைத் திருத்திப் பின்னரே நேரத்தைத் திருத்தல் வேண்டும். முறைமாறிச் செய்தோன் இருமுறை செய்வான். வால்வு இடைவெளியை இவை இரண்டுக்கும் முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையிற் பார்த்துக்கொள்க.

பொயின்ற்றுக்கு வேறு துணைக்காரியங்களும் உள. புடைப்பில் அரிசியளவு கிறீஸ் பூசுதல் வேண்டும். மிகுந்தால் அது தெறித்து முனைகளிற் படிந்து வண்டியை நிறுத்திவிடும். புதிய பொயின்ற்றின் நார்க்கட்டை முதற் சில நூறு கிலோமீற்றருக்குள் விரைவாகத் தேயுமாதலின் அப்போது ஒருமுறை மீளப் பார்த்தல் நன்று. பரப்பியின் அச்சு ஆடுமாயின் எத்துணைத் திருத்தினும் பயனில்லை. நான்கு புடைப்பிலும் நான்கு வேறு இடைவெளி காட்டும் அப்பரப்பிக்கு வேண்டுவது புதிய தாங்கு உறையே.

இனிப் புதிய முறையை நோக்குவாம். 1947இல் அமெரிக்கப் பெல் ஆய்வுகூடத்திற் பாடின், பிரற்றெயின், சொக்கிலி என்போர் கண்ட திரான்சிற்றர், அசையும் உறுப்பின்றி மின்னோட்டத்தை அறுக்கவும் இணைக்கவும் வல்லது. 1960களின் தொடக்கத்தில் அஃது எரிபற்றலுக்கு வந்தது. முதல் வந்தவற்றுட் சில பொயின்ற்றை நீக்கவில்லை. பொயின்ற் சிறு மின்னோட்டத்தால் திரான்சிற்றருக்கு ஏவல் கொடுக்க, கொயிலின் பெருமின்னோட்டத்தைத் திரான்சிற்றர் அறுத்தது. முனைகள் சுடுதல் ஒழிந்தது. நார்க்கட்டைத் தேய்வு ஒழியவில்லை. மேலும் ஒரு விந்தை நிகழ்ந்தது. பெருமின்னோட்டத்தின் சிறு பொறிகள் முனைகளிற் படியும் எண்ணெய்ப்படலத்தை எரித்துத் துப்புரவாக்கி வந்தன. அப்பொறி நின்றமையால் மெல்லிய அழுக்கும் மின்னைத் தடுக்கலாயிற்று.

பின்னர்ப் பொயின்ற் முற்றாக நீங்கிய முறைகள் எழுந்தன. கிறைஸ்லர் நிறுவனம் 1973ஆம் ஆண்டு வண்டிகளில் அதனைப் பொதுவாக்கிற்று. ஏன் அமெரிக்கர் முந்தினர் என்பதை ஆராய்தல் தகும். அவர் வண்டிகள் பெரும்பாலும் எண்சிலிண்டர் வண்டிகள். எண்சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 5000 தரம் சுழன்றால் செக்கனுக்கு 333 பொறி வேண்டும்; ஒரு பொறிக்கு 3 மில்லிச்செக்கனே உண்டு; அதற்குள் கொயில் நிறைதல் அரிது. புகை தொடர்பான சட்டங்களும் அந்நாட்டில் இறுகின. எரிபற்றும் நேரம் நெடுந்தூரம் மாறாதிருத்தல் கட்டாயமாயிற்று. ஆனால் எம் வொக்ஸ்வாகனோ தன் முழு ஆற்றலை 3600 சுழற்சியிலேயே தந்துவிடுவது. அவ்வேகத்திற் செக்கனுக்கு 120 பொறி. ஒவ்வொன்றுக்கும் 8 மில்லிச்செக்கனுக்கு மேல் உண்டு. அதிற் பாதிக்கு மேல் பொயின்ற் மூடியே இருக்கும். கொயில் நிறையப் போதிய நேரம் அது. ஆகவே புதிய முறையாற் பொறி வலிதாகும் என்று விற்போர் கூறுவது இவ்வண்டிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் வணிகப் பேச்சே. கொயில் அதுவே, மின்கலவடுக்கு அதுவே. ஆளி மாறியதாற் பொறி எங்ஙனம் பெருக்கும்?

இன்று பழைய வண்டிகளுக்கெனக் கிடைப்பது பரப்பிக்குள்ளேயே அடங்கும் ஒரு சிறு கட்டி. பொயின்ற் இருந்த இடத்தில் அது அமரும். சுழலும் தண்டின்மீது காந்தங்கள் பதித்த வளையமொன்று பொருந்தும். எட்வின் ஹோல் என்பவர் 1879இற் கண்ட விளைவின்படி, காந்தம் அணுகும்போதும் அகலும்போதும் கட்டியிலுள்ள உணரி அதனை அறிந்து மின்னோட்டத்தை இணைத்தும் அறுத்தும் விடும். தொடுதலில்லை, உராய்வில்லை, தேய்வுமில்லை. இதன் மெய்யான பயன் இதுவே: ஒருமுறை திருத்திய நேரம் மாறாது நிற்கும். முன்னர்க் கூறிய வெப்பக் கேட்டை நினைவோர் இதனைச் சிறு பயன் என்னார்.

ஒரு நுட்பம் மட்டும் கவனிக்கத் தக்கது. பழைய வொக்ஸ்வாகன்களில் எண்ணெய் குளிர்விப்பான் விசிறிப்பெட்டிக்குள்ளேயே மூன்றாஞ் சிலிண்டருக்குச் செல்லும் காற்றின் வழியில் நிற்கின்றது. 1971ஆம் ஆண்டு வகைகளிலேயே அது இடம்மாற்றப்பட்டது. அதனால் மூன்றாஞ் சிலிண்டர் ஏனையவற்றினும் மிகச் சூடேறுவது. அதற்கிரங்கி, பல பரப்பிகளில் அச்சிலிண்டரின் புடைப்பை மட்டும் சில பாகை பிந்தித் திறக்குமாறு தொழிற்சாலையே அமைத்தது. கட்டியின் வளையத்திற் காந்தங்கள் நான்கும் சம இடைவெளியில் நிற்குமாயின் அப்பரிகாரம் இழக்கப்படும். வாங்குமுன் இதனை வினவுவோர் மிகச் சிலர்.

எல்லா வண்டிக்கும் ஒரே விடையில்லை என்பதற்குப் பிரான்சிய சிற்றொயன் 2சீவீ சான்றாகும். அதுவும் காற்றாற் குளிர்வதே. 1948 முதல் 1990 வரை ஆக்கப்பட்டது. அதன் இரு சிலிண்டருக்கும் ஒரே வேளையிற் பொறி பாயுமாதலின் பரப்பியே இல்லை. பொயின்ற்றோ விசிறிக்குப் பின்னே ஒரு பெட்டியில் ஒளிந்திருக்கின்றது. விசிறியைக் கழற்றாமல் அதனைக் காண்டல் இயலாது. அத்தகைய வண்டியிற் புதிய முறையை ஏற்பதே அறிவுடைமை. வொக்ஸ்வாகனிலோ இரு கவ்விகளை விலக்கி மூடியைத் தூக்கினாற் பொயின்ற் கண்முன் நிற்கும். போஷே நிறுவனத்தார் 1969இல் தம் 911 வண்டிகள் சிலவற்றிற் கொள்ளளவி மின்னிறக்க முறையைப் புகுத்தியபோதும், ஏவல் கொடுக்கும் பணியைப் பொயின்ற்றிடமே விட்டுவைத்தனர் என்பது ஈண்டு நினையத்தகும்.

என் வண்டியின் கதையைச் சிறிது கூறல் வேண்டும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது பெற்றோலின்றி வண்டியைக் கொட்டிலில் விட்டே சென்றோம். புறப்படுமுன் தந்தையார் பரப்பியின் மூடியைத் திறந்து சுழல்கையைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். கட்டைவிரலளவான அப்பொருள் இன்றேல் எவரும் வண்டியை ஓட்டிச் செல்லார் என்பது அவர் எண்ணம். மறு ஆண்டு மீண்டபோது கூரை சரிந்திருந்தது, வண்டி இருந்தது. பொயின்ற் முனைகளிற் சாம்பல் நிறப் படலம் படிந்திருந்தது. தந்தையார் துப்புரவான தாள்துண்டொன்றை முனைகளுக்கிடையே செருகி, மூடவிட்டு, மெல்ல இழுத்தார். தாளிற் கரிய கோடு விழுந்தது. மும்முறை அவ்வாறு செய்தபின், எங்கோ தேடிப்பெற்ற ஒரு போத்தற் பெற்றோலுடன் எஞ்சின் உயிர்த்தது. 2022இல் எரிபொருட் தட்டுப்பாட்டால் நெடுநாள் நின்ற அயலவரின் பழைய மோட்டார்சைக்கிளுக்கும் யான் செய்த வைத்தியம் அதுவே.

ஆயினும் என் வண்டியில் அப்போது பொயின்ற் இருக்கவில்லை. 2018இற் கனடாவிலிருந்து வந்த மைத்துனர் கட்டியொன்றைக் கொணர்ந்தார், மகிழ்ந்து பூட்டினேன். ஐந்து ஆண்டுக்கு மேல் மூடியைத் திறவாதே ஓடினேன். 2024 சனவரியில் உயர்தரப் பரீட்சை நடைபெற்ற ஒரு மழைக்காலை, பஸ் வராமையால், அயலிலுள்ள பரீட்சார்த்திகள் இருவரை ஏற்றிக்கொண்டு வடமராட்சியிலிருந்து புறப்பட்டேன். வல்லைவெளியின் நடுவே எஞ்சின் நின்றது. இருமியதில்லை, தளர்ந்ததில்லை, விளக்கணைந்தாற்போல் நின்றது. காரணம் பின்னரே விளங்கிற்று. முதல்நாள் மாலை மகன் வண்டிக்குள் விளையாடித் திறப்பை இயக்கநிலையில் விட்டிருந்தான். எஞ்சின் ஓடாதபோது இவ்வகைக் கட்டிகள் பலவற்றினூடு மின் தொடர்ந்து பாய்ந்து அவற்றைச் சுடும். நேர்மைக்காக ஒன்று கூறல் வேண்டும்: பொயின்ற் மூடிய நிலையில் நின்றிருந்தாலும் கொயில் சூடேறும். ஆனால் பொயின்ற் அதனாற் செத்துப்போவதில்லை.

பின்னிருக்கையில் ஒரு பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தது, மற்றது பார்க்கவில்லை. யான் தந்தையாரின் பழைய தகரப்பேழையைத் திறந்தேன். அதில் ஒரு பொயின்ற், ஒரு திருகாணிமுடுக்கி, அளவுத்தகடுகள், ஒரு சோதனை விளக்கு. கொண்டென்சர் பரப்பியின் வெளிப்புறத்தில் முன்னிருந்தவாறே இருந்தது; அதன் கம்பியை மாத்திரமே கழற்றியிருந்தேன். பொயின்ற்றைப் பிடிப்பது ஒரே திருகாணி. குடையை ஒரு பிள்ளை பிடிக்க, 0.4 மில்லிமீற்றர் தகட்டை வைத்துப் பூட்டினேன். கட்டியைப் பூட்டிய அன்று, பொயின்ற்றுக்குரிய பரப்பியின் நிலையை ஊசியாற் கீறி வைத்திருந்தமை உதவிற்று. பரப்பியை அக்கீற்றுக்குத் திருப்பி இறுக்கினேன். இருபத்தைந்து நிமிடத்துள் வண்டி புறப்பட்டது. வினாத்தாள் கொடுபடுமுன் பிள்ளைகள் மண்டபத்துள் நுழைந்தனர்.

இவ்வொரு நிகழ்ச்சிகொண்டு புதிய முறையைப் பழித்தல் நீதியன்று. ஐந்து ஆண்டு பழுதின்றி ஓடியமையும் கணக்கிற் சேரவேண்டும். அதே ஐந்து ஆண்டிற் பொயின்ற்றைப் பத்து முறையேனும் திருத்தியிருப்பேன். ஒரு முறையேனும் மறந்திருப்பேன். வேறுபாடு, இரண்டும் பழுதுறும் விதத்திலேயே உளது. பொயின்ற் பல நாள் முன்னரே காலையில் தயங்கியும், ஏற்றத்தில் இளைத்தும் அறிவிக்கும். தெருவோரத்திலே திருத்தவும் படும். கட்டி அறிவித்தலுமில்லை, திருந்துதலுமில்லை, மாற்றத்தான் வேண்டும். 2020 முதற் சில ஆண்டுகள் இந்நாட்டில் இறக்குமதி இறுகியிருந்த காலத்தில் அத்தகைய பொருளொன்றைப் பெறுதல் எத்துணை அரிதென்பதைப் பலர் அறிவர். மறுபுறம், இப்போது சந்தைக்கு வரும் கொண்டென்சர்கள் பலவற்றின் தரம் தாழ்ந்துள்ளது என்பது பழைய வண்டி வைத்திருப்போர் பலருடைய முறைப்பாடு. எனவே நன்றாயுள்ள பழைய கொண்டென்சரைப் பொயின்ற் மாற்றும்போதெல்லாம் எறிந்துவிடும் வழக்கத்தைக் கைவிடுக.

எனது துணிபு இது. நாடோறும் நெடுந்தூரம் ஓடுவதும் 12 உவோற்று மின்கலவடுக்குடையதுமான வண்டிக்குக் கட்டி ஏற்றது. ஆனால் திருத்திய பொயின்ற்றொன்று பேழையில் இருத்தல் வேண்டும். என் வண்டிபோல் 6 உவோற்று வண்டியாயின், தொடக்கி சுழலும்போதே அழுத்தம் மிகவும் வீழும். கட்டிக்குள் மேலும் சிறிது இழக்கப்படும். எஞ்சுவது போதாது போதலும் உண்டு. வாரத்தில் இருமுறை ஓடும் அதற்குப் பொயின்ற்றே போதும். அதனையே மீளப் பூட்டியுள்ளேன்.

நேரம் திருத்தும் முறையைக் கற்க விரும்பும் மாணவர்க்காக அதனைக் கூறி முடிக்கின்றேன். சோதனை விளக்கின் ஒரு முனையைக் கொயிலிற் பரப்பியோடு இணையும் முனையத்திலும், மறுமுனையை எஞ்சின் உடலிலும் கொளுவுக. திறப்பை இயக்கநிலைக்குத் திருப்புக. கப்பியைக் கையால் வலஞ்சுழியாகத் திருப்பி, 10 பாகை வெட்டுக்குறி எஞ்சின் ஓட்டின் இணைப்புக்கோட்டுக்கு நேரே வரச்செய்க. சுழல்கை பரப்பியின் விளிம்பிலுள்ள முதலாஞ் சிலிண்டர்க் குறியை நோக்குகின்றதா என்பதையும் பார்க்க. நோக்காதாயின் இன்னும் ஒரு முழுச் சுற்றுத் திருப்புக. பரப்பியின் பிடியாணியைத் தளர்த்தி, விளக்கு அணையும்வரை பரப்பியை வலப்புறம் திருப்பிப் பின் மிக மெல்ல இடப்புறம் திருப்புக. விளக்கு ஒளிரத் தொடங்கும் அக்கணமே பொயின்ற் திறக்கும் கணம். அங்கே நிறுத்தி ஆணியை இறுக்குக. இறுக்கும்போது பரப்பி சற்று நகர்தல் உண்டாதலின், கப்பியை இருமுறை சுற்றி விளக்கு அதே குறியில் ஒளிர்கின்றதா என்று மீண்டும் பார்த்தபின்னரே மூடியைப் பூட்டுக. திறப்பை அணைக்க மறவற்க.